எக்செல்லைத் திறக்க ஷார்ட்கட் கீ வெச்சாச்சு, சரி. எந்த எக்செல்லை?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு கீபோர்டைப் பத்தி எழுதுறேன். "சார், இது ஃபைனான்ஸா?"ன்னு கேப்பீங்க. படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

முதல்ல கணக்கைப் போட்டுடலாம். ஒரு நாளைக்கு 30 தடவை ஏதாவது ஒரு சாஃப்ட்வேரையோ ஃபைலையோ திறக்குறீங்கன்னு வைங்க. மவுஸைத் தேடி, ஐகானைத் தேடி, டபுள் கிளிக் பண்றதுக்குப் பதிலா கீபோர்டுலயே திறந்தா தடவைக்கு 6 செகண்ட் மிச்சம். நாளைக்கு 3 நிமிஷம். மாசம் 25 வேலை நாள்னா 75 நிமிஷம். உங்க சம்பளம் 25,000 ரூபாய், நாளைக்கு 8 மணி நேரம்னா, ஒரு மணி நேரத்தோட விலை 125 ரூபாய். ஆக மாசம் 156 ரூபாய் லாபம். ஒரு பிரியாணிக் காசு. அதுவும் உங்களுக்கு இல்ல, கம்பெனிக்கு!

"இதைப் பண்ணா வாழ்க்கையே மாறிடும்"னு தம்ப்நெய்ல் போட எனக்கு மனசு வரல. ஆனா நான் இன்னும் இந்த ஷார்ட்கட்டை விடாம வெச்சிருக்கேன். காரணம் வேற.

ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிட்டிருந்த காலம். மார்ச் 31 அன்னைக்கு ஸ்டாக் எடுக்க கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு இரும்பு யூனிட்டுக்கு அனுப்பினாங்க. பகல் முழுக்க வெயில்ல கம்பிக் கட்டு எண்ணி, வே பிரிட்ஜ் சீட்டையெல்லாம் சேர்த்து, சாயங்காலம் ஆபீஸ் ரூம்ல உக்காந்து எக்செல்ல ஏத்த ஆரம்பிச்சேன். ஃபோல்டர்ல 'ஸ்டாக் ஃபைனல்', 'ஸ்டாக் ஃபைனல் நியூ', 'ஸ்டாக் ஃபைனல் 2'ன்னு வரிசையா நிக்குது. ரீசன்ட் லிஸ்ட்ல மேல இருந்ததைத் திறந்து மூணு மணி நேரம் டைப் பண்ணி சேவ் பண்ணிட்டேன். அது போன வருஷத்து ஃபைல். புது நம்பரும் ஏறல, பழைய நம்பரும் போச்சு.

அங்க இருந்த அக்கவுன்டன்ட் அண்ணன் திட்டல. "இது எத்தனாவது ஃபைனல் தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் தன்னோட கம்ப்யூட்டர்ல ரெண்டு விரல்ல கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடிச்சுக்கிட்டு எஸ் தட்டினார். இந்த வருஷத்து ஸ்டாக் ஃபைல் வந்து நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி எல்லாத்தையும் மறுபடி ஏத்தி முடிச்சு, வீட்டுக்குப் போக ட்ரெயின் இல்லாம அந்த ஆபீஸ் பெஞ்சுலயே படுத்தேன்.

அவர் கீ வெச்சிருந்தது எக்செல்லுக்கு இல்ல, அந்த ஒரு ஃபைலுக்கு. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்தப் பதிவே.

எப்படிப் பண்றது? உங்க ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. 'சென்ட் டு' போய் 'டெஸ்க்டாப்' கொடுங்க. விண்டோஸ் 11-ல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அமுக்கினாதான் 'சென்ட் டு' தெரியும். டெஸ்க்டாப்ல வந்த ஷார்ட்கட் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ். அதுல 'ஷார்ட்கட் கீ'ன்னு ஒரு கட்டம், 'நன்'னு போட்டிருக்கும். அந்தக் கட்டத்துல கிளிக் பண்ணிட்டு எஸ் மட்டும் தட்டுங்க. கன்ட்ரோல் + ஆல்ட் + எஸ்னு அதுவே எழுதிக்கும். ஓகே. முடிஞ்சது. இதுக்கு ஐடி ஆளோட அட்மின் பாஸ்வேர்டு எதுவும் தேவையில்ல, ஏன்னா அது உங்க லாகின்ல இருக்குற உங்க டெஸ்க்டாப்.

ஒரே விதி: அந்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்லயோ ஸ்டார்ட் மெனுலயோதான் இருக்கணும். "டெஸ்க்டாப் அசிங்கமா இருக்கு"ன்னு ஐகானை அழிச்சா கீயும் போயிடும்.

வெறும் சாஃப்ட்வேரைத் திறக்கணும்னா இவ்வளவு கூட வேண்டாம். டாஸ்க்பார்ல பின் பண்ணி வைங்க. இடமிருந்து முதல்ல இருக்கிறது விண்டோஸ் கீ + 1, அடுத்தது விண்டோஸ் கீ + 2. இல்லன்னா விண்டோஸ் கீ + ஆர் அமுக்கி, வர்ற பெட்டியில எக்செல்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர். வேர்டுக்கு மட்டும் முன்னாடி 'வின்' சேர்த்து ஒரே சொல்லா அடிக்கணும். அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல உக்கார்றப்போ இதுதான் கை கொடுக்கும்.

எந்த எழுத்தைக் கொடுக்கலாம்னு கொஞ்சம் யோசிங்க. எக்செல்ல கன்ட்ரோல் + ஆல்ட் + வி ஏற்கனவே பேஸ்ட் ஸ்பெஷல். வேர்டுல கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப் அடிக்குறிப்பு. அதை நீங்க எடுத்துக்கிட்டா அந்த வேலை நின்னு போகும். முக்கியமா 4-ஐத் தொடாதீங்க. இங்கிலீஷ் (இந்தியா) கீபோர்டு வெச்சிருந்தா கன்ட்ரோல் + ஆல்ட் + 4 தான் ₹. நம்ம கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார் வரைஞ்சு, 2010 ஜூலை 15-ல மத்திய அமைச்சரவை ஏத்துக்கிட்ட குறி அது. பில் போடுறவங்க அதை இழக்கக் கூடாது.

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன். திருவள்ளூர் மாவட்டத்துல வேலை பாக்குறவங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. மாநில எல்லை ரொம்பப் பக்கம். காலையில மீஞ்சூருக்கு ஒரு லோடு, மதியம் தடாவுக்கு ஒரு லோடு. மீஞ்சூர் பில்லுல சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். எளாவூர் தாண்டி ஆந்திராவுக்குள்ள இருக்குற தடா பார்ட்டிக்கு ஐஜிஎஸ்டி. ஈ-வே பில்லும் அப்படித்தான்: வேற மாநிலத்துக்குப் போனா சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேணும், தமிழ்நாட்டுக்குள்ளயே போனா 1 லட்சத்தைத் தாண்டினாத்தான்.

சின்ன யூனிட்கள்ல இன்னும் எக்செல் ஃபார்மட்லதான் பில் அடிக்கிறாங்க. லாரி டிரைவர் ஜன்னல்ல நிக்குறார், ஃபோன் அடிக்குது, அவசரத்துல கடைசியா மூடின ஃபைலையே திறந்து பார்ட்டி பேரை மட்டும் மாத்துறோம். தடா பார்ட்டிக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போயிடுது. மொத்தத் தொகை ஒண்ணுதானே, என்ன பெரிய விஷயம்னு தோணும். தப்பான தலைப்புல வரி கட்டினா, சரியான தலைப்புல முழுசா மறுபடி கட்டிட்டு, முதல்ல கட்டினதை ரீஃபண்ட் கேக்கணும். வட்டி கிடையாதுதான். ஆனா அதுவரைக்கும் கம்பெனி பணம் முடங்கும். அந்த மாசம் அப்ரைசல் இருந்தா, அதுக்கு யார் பேரு வரும்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டு ஃபார்மட்டுக்கும் ரெண்டு கீ வைங்க. லோக்கலுக்கு எல், ஆந்திராவுக்கு ஏ. அப்படி வெச்சா, கை கீக்குப் போறதுக்கு முன்னாடி "இது எந்த ஊர் லோடு?"ன்னு மனசு ஒரு செகண்ட் கேட்டே ஆகணும். அந்த ஒரு செகண்டுக்காகத்தான் சொல்றேன்.

இதே மாதிரி வெப்சைட்டுக்கும் கீ வைக்கலாம். டெஸ்க்டாப்ல ரைட் கிளிக், நியூ, ஷார்ட்கட், முகவரியை ஒட்டுங்க. ஜிஎஸ்டி, ஈ-வே பில், வருமான வரி மூணும் 'ஜிஓவி டாட் இன்'னு முடியுற முகவரிகள். ஒரு தடவை நிதானமா சரிபார்த்து ஷார்ட்கட் ஆக்கிட்டா, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி அவசரத்துல கூகுள்ல தேடி எதையோ கிளிக் பண்ற ஆபத்து இல்ல. ஆனா ஷிஃப்ட் மாறி மாறி உக்கார்ற கம்ப்யூட்டர்ல உங்க நெட் பேங்கிங்குக்கு ஷார்ட்கட் வேண்டவே வேண்டாம். பிரவுசர்ல பாஸ்வேர்டை சேவ் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா, வாசலைத் திறந்து போட்ட மாதிரி.

டாலி பயன்படுத்துறவங்களுக்குக் கீபோர்டு பழக்கத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்ல. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்8 சேல்ஸ்னு தூக்கத்துலயும் விரல் போகும். 1986-ல பெங்களூர்ல, ஆலைகளுக்கும் மில்களுக்கும் பொருள் சப்ளை பண்ணிட்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏத்த சாஃப்ட்வேர் கிடைக்கலன்னு மகன் பரத்கிட்ட எழுதச் சொன்னதுல பிறந்தது டாலி. அது டாஸ் காலம், கீபோர்டுதான் எல்லாமே. அந்தப் பழக்கத்தை எக்செல் பக்கமும் கொண்டு வாங்கன்னுதான் கேக்குறேன்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. இந்த வருஷம் நீங்க வெச்ச கீ, அடுத்த ஏப்ரல்லயும் இந்த வருஷத்து ஃபைலைத்தான் திறக்கும். எனக்கு நடந்த அதே விபத்து, இந்தத் தடவை இன்னும் வேகமா நடக்கும். அதனால ஏப்ரல் 1 காலையில பழைய ஷார்ட்கட்டை அழிச்சுட்டு, புது ஃபைலுக்கு அதே எழுத்தைக் கொடுங்க. இப்பவே ஃபோன் காலண்டர்ல போட்டு வைங்க.

அந்த அண்ணன்கிட்ட ஃபோன் காலண்டர் எல்லாம் இல்ல. மானிட்டர் ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். எழுத்தும் ஃபைல் பேரும் பேனாவுல இருக்கும், வருஷம் மட்டும் பென்சில்ல.