பாய்மரப் படகுகளில் மின் உந்துகை

பாய்மரப் படகுகளில் மின் உந்துகை என்பது காற்று இல்லாதபோதும் துறைமுகத்தினுள் நுழையும்போதும் படகைச் செலுத்த டீசல் எந்திரத்துக்குப் பதிலாக மின்னோடியைப் பயன்படுத்தும் முறையாகும். பாய்மரப் படகுக்குக் காற்றே முதன்மை உந்துவிசை. எந்திரம் துணை மட்டுமே. எனவே ஒரு படகுக்கு மின்னோடி ஏற்றதா என்பது, அப்படகு பாயின்றி எவ்வளவு தொலைவு செல்ல வேண்டியுள்ளது என்பதைப் பொறுத்தது.

வரலாறு

உருசியாவில் பணியாற்றிய செருமானியரான மோரிட்சு யாக்கோபி, 1838 ஆம் ஆண்டில் நேவா ஆற்றில் மின்கலங்களால் இயங்கும் படகொன்றை ஓட்டிக் காட்டினார். 1881 இல் பிரான்சின் குசுத்தாவ் துரூவே, கழற்றி மாட்டத்தக்க மின்னோடி பொருத்திய படகைப் பாரிசில் செயின் ஆற்றில் இயக்கினார். 2010களில் லித்தியம் மின்கலங்களின் விலை குறைந்தமை இம்முறை பரவ உதவியது.

அமைப்பு

மின்கல அடுக்கு, வேகக் கட்டுப்படுத்தி, மின்னோடி, உந்துவிசிறி ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். சிறிய படகுகளில் 48 வோல்ட்டு அமைப்பு பரவலாக உள்ளது. கரையிலுள்ள மின்னிணைப்பிலிருந்தோ சூரிய மின்தகடுகளிலிருந்தோ மின்னேற்றம் செய்யலாம். படகு பாயால் விரைந்து செல்லும்போது உந்துவிசிறி நீரால் சுழற்றப்பட்டு, மின்னோடி மின்னாக்கியாகவும் செயற்படக்கூடும். இதனால் படகின் வேகம் சற்றுக் குறையும்.

ஆற்றல் ஒப்பீடு

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. (வீட்டு மின்கட்டணத்தில் 'ஒரு யூனிட்' எனப்படுவது 1 கிலோவாட் மணியாகும்.) எந்திரம் இதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சுழற்சியாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின்னோடியில் இழப்பு மிகக் குறைவு. ஆயினும் 10 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள, சுமார் 100 கிலோகிராம் எடையுள்ள லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கல அடுக்கு, 2 முதல் 3 லிட்டர் டீசல் செய்யும் வேலையையே செய்யும்.

வேகமும் தொலைவும்

தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, அமைதியான நீரில் மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்ல 4 கிலோவாட் தேவைப்படும் படகொன்றைக் கொள்வோம். மேற்கூறிய மின்கல அடுக்கில் 8 கிலோவாட் மணியைப் பயன்படுத்தினால், அது 2 மணி நேரத்தில் 10 கடல் மைல் செல்லும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அரைக் கிலோவாட் போதும். 16 மணி நேரத்தில் 40 கடல் மைல் செல்லலாம்.

பொருத்தம்

ஏரிகளிலும் கழிமுகங்களிலும் பகற்பொழுதில் மட்டும் ஓடி, இரவில் மின்னிணைப்புள்ள துறைக்குத் திரும்பும் படகுகளுக்கு மின் உந்துகை நன்கு பொருந்தும். இரைச்சலும் புகையும் இல்லை, பராமரிப்பும் குறைவு.

ஆனால் அமைதியான நாளின் கணக்கை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆபத்தானது. பலத்த காற்றும் நீரோட்டமும் படகைப் பாறைக் கரையை நோக்கித் தள்ளும்போது, முழுத் திறனில் பல மணி நேரம் எதிர்த்துச் செல்ல நேரிடலாம். அந்நேரத்தில் மெதுவாகச் சென்று மின்னாற்றலைச் சேமிக்க இயலாது. அத்தகைய கடற்பகுதிகளில் நெடும்பயணம் செய்யும் படகுகளுக்கு டீசல் எந்திரமோ, மின்னோடியுடன் டீசல் மின்னாக்கியும் கொண்ட கலப்பு முறையோ கூடுதல் பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

பாய்மரப் படகு
மின்னோடி
லித்தியம் மின்கலம்