பனையும் தறியும் ஒரே முற்றத்தில்: சபுத் தீவின் கிராம வாழ்க்கை

பனையேறும் குடும்பமும் தறி போடும் குடும்பமும் நம் கிராமங்களில் பெரும்பாலும் வெவ்வேறு தெருக்களில் வாழ்கின்றன. கணவன் பனையேற, மனைவி அதே வீட்டு முற்றத்தில் தறியில் அமரும் கிராமங்களைக் கொண்ட தீவு ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் தென்கிழக்கில், சும்பாத் தீவுக்கும் ரோட்டேத் தீவுக்கும் இடையே கிடக்கும் சபு என்பதே அது. அண்டையிலுள்ள ராய்ஜுவாத் தீவையும் சேர்த்து ஏறத்தாழ 460 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதி, 2008-ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இருந்து வருகிறது. நம் சங்கங்களின் இரு பெருந்தொழில்களும் ஒரே கூரையின் கீழ் அமைந்தால் வாழ்க்கை எவ்வாறிருக்கும் என்பதை அறிய அத்தீவைச் சற்று உற்று நோக்குவது பயன் தரும்.

உஷ்ணமண்டலத் தீவு என்றவுடன் அடர்ந்த காடும் ஓயாத மழையும் நினைவுக்கு வருவது இயல்பு. சபு அத்தகையதன்று. ஏறத்தாழ டிசம்பர் முதல் மார்ச்சு வரை மேற்குப் பருவக்காற்று மழையைத் தருகிறது. எஞ்சிய மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கிறது. பச்சைப்பயறும் சோளமும் பிற்காலத்தில் வந்த மக்காச்சோளமும் அந்தச் சில மாத ஈரத்திலேயே விளைந்தாக வேண்டும். மழை பொய்த்தால் வயலை நம்பிப் பயனில்லை. அப்போது சபு மக்களைக் காப்பது பனை.

அது வேறு எந்த மரமும் அன்று, நம் பனையேதான். அந்நாட்டில் அதற்கு ‘லொந்தார்’ என்று பெயர். ‘தால்’ மரத்தின் இலை என்னும் பொருளுடைய ‘ரொன்தால்’ என்ற சாவகச் சொல்லே முன்பின்னாகப் புரண்டு இவ்வாறு ஆயிற்று. வடமொழித் ‘தாலம்’ அதனுள் இருப்பதை வாசகர்கள் எளிதில் காண்பர். ஆண்கள் காலையும் மாலையும் மரமேறி, பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியைச் சீவி, ஓலையால் முடைந்த பட்டையில் சாற்றை இறக்குகின்றனர். இதுவரை நம் ஊர் முறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு அடுப்பில் தொடங்குகிறது. நாம் பதநீரைக் கருப்பட்டியாகும் வரை காய்ச்சி அச்சில் ஊற்றுகிறோம். சபுவின் பெண்களோ பாகு பதத்திலேயே இறக்கிக் குடங்களில் நிறைத்து வைக்கின்றனர். பின்னர் மாதக்கணக்கில் அப்பாகை நீரில் கரைத்துப் பருகுவர். அவர்களுக்கு அது பானம் மட்டுமன்று; பல நாட்களில் உணவே அதுதான். பன்றிகளுக்கும் அதுவே தீனி. 1770-ஆம் ஆண்டு செப்டம்பரில் கப்பல் தலைவர் குக் தம் குழுவினருடன் இத்தீவில் தங்கிச் சென்றபோது, உடனிருந்த பாங்க்ஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் இப்பனைவெல்லப் பாகைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

காய்ச்சுவதற்கு விறகு வேண்டுமல்லவா? பனையின் காய்ந்த மட்டையும் ஓலையுமே அதில் பெரும் பங்கைத் தந்துவிடுகின்றன. காட்டை எரித்துப் பயிரிட்ட திமோரிலும் சும்பாவிலும் பல இடங்களில் மண் கெட்டுப்போக, பனையை நம்பிய சபுவும் ரோட்டேயும் அவற்றைக் காட்டிலும் நெருக்கமான மக்கள்தொகையைத் தாங்கி வந்தன. ஜேம்ஸ் பாக்ஸ் என்னும் அறிஞர் 1977-இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். வறண்ட நிலத்தில் பனையை வெட்டிச் செங்கற்சூளைக்கு அனுப்பும் நம்மவர்கள் இதனைக் கவனிப்பது நன்று.

இனித் தறிக்கு வருவோம். ஆண்கள் நெய்வதில்லை. பெண்கள் பாவின் ஒரு முனையைத் தூணோடு பிணைத்து, மறுமுனையைத் தம் இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்து நெய்கின்றனர். நெய்வதற்கு முன்பே பாவு நூலைக் கோலத்திற்கேற்ப இடையிடையே இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டிய இடம் சாயம் ஏறாமல் நின்றுவிடும். கட்டுதல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லிலிருந்தே ‘இக்கத்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. குஜராத்தின் பட்டோலாச் சேலைகள் பழைய கடல் வாணிகத்தில் அத்தீவுகளுக்குச் சென்றன. அவற்றின் சாயலை இன்றும் அங்குள்ள கோலங்களில் காணலாம்.

சபுவில் ஒவ்வொருவரும் தாய்வழியாக இரு பெரும் பிரிவுகளுள் ஒன்றைச் சேர்ந்தவர். அவற்றின் பெயர்கள் ‘பெரிய பாளை’, ‘சிறிய பாளை’ என்று பொருள்படும். பெண்ணின் கீழாடைக் கோலத்தைப் பார்த்தே அவள் எப்பிரிவினள் என்று கூறிவிடலாம். இறந்தவரைத் தாய்வழிக்குரிய துணியால் போர்த்தியே அடக்கம் செய்கின்றனர். ஆதலால் சந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தறி ஓயவில்லை.

நீலத்திற்கு அவுரி, சிவப்புக்கு நுணா வேர். சிவப்புச் சாயம்தான் கடினமானது. நூலை எண்ணெயில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தி, ‘லோபா’ என்னும் மரத்தின் இலை அல்லது பட்டைத் தூளோடு பலமுறை தோய்த்தால்தான் நிறம் நிலைக்கும். நாம் படிகாரத்தால் செய்வதை அம்மரத்திலுள்ள அலுமினியச் சத்து செய்கிறது. மலைக்காட்டில் வளரும் அம்மரம் தாழ்ந்த வறண்ட சபுவுக்கு உரியதன்று, வெளியிலிருந்தே வரவேண்டும். இவ்வாறு நெய்த துணி முடியப் பல மாதங்கள் செல்லும். ஆலை நூலும் கடைச் சாயமும் கொண்டு விரைவில் முடித்த துணியோடு அது ஒரே சந்தையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. கிழக்குத் தீவுகளின் கோலங்களைப் பார்த்து நெய்யும் பெரிய நெசவு ஊர்கள் சாவாத் தீவிலும் உள்ளன. வாங்குவோர் வேறுபாடறியாமல் விலை கேட்கும்போது நட்டம் யாருக்கு என்று கூறத் தேவையில்லை.

இளைஞர்கள் மரமேற முன்வருவது குறைந்து, குப்பாங் முதலிய நகரங்களுக்குச் செல்கின்றனர். கடல் சீறும் பருவமழை நாட்களில் கப்பல் போக்குவரத்து தடைப்படும்; பாகும் துணியும் கரையிலேயே காத்துக் கிடக்கும். 2021 ஏப்ரலில் வீசிய செரோஜாப் புயல் பல வீடுகளின் கூரைகளைப் பறித்துச் சென்றது. எனினும் வழி அடைந்துவிடவில்லை. கடற்பாசி வளர்ப்பும் உப்பு உற்பத்தியும் கரையோரக் குடும்பங்களுக்குப் புதிய வருவாயைத் தந்திருக்கின்றன.

கூட்டுறவைப் பொறுத்தவரை அந்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1945-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு பொருளாதாரத்தைக் கூட்டு முயற்சியாக வகுத்தது. முதல் துணை ஜனாதிபதி ஹத்தாவைக் கூட்டுறவின் தந்தை என்றே போற்றுகின்றனர். ஆயினும் 1970-களில் சர்க்கார் மேலிருந்து அமைத்த கிராமச் சங்கங்களில் பல, 1998-இல் சுகார்த்தோ ஆட்சி முடிந்து சலுகைகள் நீங்கியதும் செயலற்றுப் போயின. 2025 ஜூலையில் ஜனாதிபதி பிரபோவோ நாடெங்கும் ஏறத்தாழ 80,000 கிராமச் சங்கங்களை நிறுவும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பங்குத் தொகையும் கணக்கும் அங்கத்தினர் கையில் இல்லாத சங்கம் மானியம் உள்ள வரைதான் நிற்கும் என்பது எமது கருத்து. ஆதலால் இத்திட்டத்தின் பயனை எண்ணிக்கையைக் கொண்டு அளக்க இயலாது.

சபுவின் கிராமம் ஒன்றில் சங்கம் முதலில் செய்யத்தக்கது எது? கட்டடம் எழுப்புவதன்று. லோபாத் தூளைத் தனித்தனியே சில்லறையாக வாங்கும் பெண்கள் மொத்தமாக வாங்கலாம். புளோரஸ் தீவில் மரத்தை வெட்டாமல் உதிர்ந்த இலைகளையே பொறுக்கி விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடமிருந்து நேரே தருவித்தால் இரு தீவுகளின் ஏழைகளுக்கும் ஆதாயம். பாகையும் குடம் குடமாக வியாபாரியிடம் கொடுத்துவிடாமல், பதம் பார்த்துத் தரம் பிரித்து, கப்பல் ஓடும் மாதங்களுக்குள் ஒன்றாக அனுப்பலாம். பாகு காய்ச்சுவதும் நெய்வதும் பெண்களின் வேலையாகவே இருப்பதால், அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு எத்தனை இடம் என்பதை முதற் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.