துரத்தும் காரும் மதிப்பிடும் பேனாவும்

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் வண்டி ஓட்டுபவர் ஒருமுறை தவறினால், மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதற்கு வழியில்லை. வீடியோ விளையாட்டிலோ அவ்வசதி உண்டு. ஆனால் அதனை எவ்வளவு தாராளமாக வழங்குவது என்பது எளிய வினா அன்று. ஒரு விளையாட்டின் புகழும் பழியும் அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து அமைந்த வரலாறு ஒன்றை நேயர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

காவலர் குற்றவாளியைக் காரில் துரத்திச் செல்லும் விளையாட்டு புதிதன்று. ஜப்பானிய நிறுவனமாகிய டைட்டோ 1988-ஆம் ஆண்டில் 'சேஸ் எச்.க்யூ.' என்னும் விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்தில் அமைந்தது அது. குறித்த நேரத்திற்குள் குற்றவாளியின் காரை எட்டிப் பிடித்து, மோதி மோதி நிறுத்த வேண்டும். அவ்வளவே அதன் இலக்கணம். அந்த வேகத்தை உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள் கொண்டுவர முடியுமா என்பது பின்வந்தோர்க்கு ஒரு சவாலாயிற்று.

சோனி நிறுவனத்தின் பி.எஸ்.பி. என்னும் கையடக்கக் கருவி 2004 டிசம்பரில் ஜப்பானிலும், 2005-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் திரை 4.3 அங்குலம். அக்கருவிக்கென இங்கிலாந்தின் பிக்பிக் ஸ்டூடியோஸ் என்னும் சிறு நிறுவனம் 'பர்சூட் ஃபோர்ஸ்' என்ற விளையாட்டைப் படைத்தது. 'துரத்தற் படை' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். அது 2005 நவம்பரில் ஐரோப்பாவிலும், 2006 மார்ச்சில் அமெரிக்காவிலும் வெளியாயிற்று.

இதில் ஆடுபவர் ஒரு காவலர். கற்பனை நகரமொன்றை ஐந்து கொள்ளைக் கூட்டங்கள் ஆட்டிப் படைக்கின்றன. பகைவனின் காரை நெருங்கியதும் ஒரு பொத்தானை அழுத்தினால், நம் வீரன் ஓடும் காரிலிருந்து அந்தக் காரின் மேல் தாவுவான். உள்ளிருப்போரை வென்று அதன் சக்கரத்தைத் தானே பிடிப்பான். கடமையைச் செவ்வனே ஆற்றுந்தோறும் திரையோரத்தில் ஓர் அளவுகோல் நிரம்பும். இதனை 'நீதிமானி' எனலாம். அது நிரம்பியபின் இழந்த உடல்வலிமையை மீட்கலாம்; தாவும் கணத்தில் காலத்தின் ஓட்டத்தையே மெதுவாக்கிக் குறிபார்த்துச் சுடலாம்.

விமர்சகர்கள் இந்தத் தாவலை மனமாரப் பாராட்டினர். திரைப்படச் சண்டைக் காட்சியின் பரபரப்பை இச்சிறு திரை தருகிறது என்பதும், பெரிய கருவிகளுக்கு வந்த விளையாட்டுகளைத் திருப்பிச் செய்யாமல் கையடக்கக் கருவிக்கென்றே புதிதாய் எண்ணிய படைப்பு இது என்பதும் அவர்கள் கண்ட சிறப்புகள்.

ஆயினும் அதே மதிப்புரைகளில் ஒரு குறையும் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. விளையாட்டு அளவு கடந்து கடுமையாயிருக்கிறது என்பதே அது. ஒரு பணி நீண்டது, நேரமோ குறைவு. முடிவை நெருங்கும் வேளையில் தோற்றால், மீண்டும் தொடக்கத்திற்கே திரும்ப வேண்டும். காரை விட்டிறங்கி நடந்து சண்டையிடும் பகுதிகள் சுவை குன்றியவை என்றும் பலர் எழுதினர். பேருந்தில் பத்து நிமிடம் கிடைக்கும்போது எடுத்து ஆடுவதற்கென்றே கையடக்கக் கருவி அமைந்துள்ளது. அதில் பத்து நிமிட உழைப்பை ஒரு நொடியில் பறித்துக்கொள்வது கருவியின் இயல்புக்கே முரண் அன்றோ? பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் இடையே இவ்விளையாட்டு நடுத்தர மதிப்போடு நின்றுவிட்டது. 2007 இறுதியில் இரண்டாம் பாகம் ஐரோப்பாவில் வந்தபோதும், கடுமை தணிந்ததா என்ற வினா தொடர்ந்து எழுந்தது. பிக்பிக் ஸ்டூடியோஸ் 2012-இல் மூடப்பட்டது.

இதற்கு நேர்மாறான வரலாறும் ஒன்றுண்டு. 2009 மார்ச்சில் நின்டெண்டோ டி.எஸ். என்னும் கையடக்கக் கருவிக்கு 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சைனாடவுன் வார்ஸ்' வெளிவந்தது. இதில் ஆடுபவர் துரத்துபவர் அல்லர். காவலர் துரத்த ஓடுபவர். துரத்தும் காவல் வண்டிகளை மோதி முடக்கித் தப்பும் புதுமுறையை விமர்சகர்கள் வியந்தனர். பல மதிப்புரைகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காணும் 'மெட்டாகிரிட்டிக்' கணக்கில் இதற்கு நூற்றுக்கு 93 கிடைத்தது. எனினும் தொடக்க விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. போதைப்பொருளை வாங்கி விற்பதும் இவ்விளையாட்டின் ஓர் அங்கம்; அமெரிக்காவில் 17 வயது நிரம்பியோர்க்கே உரியது என்று இதற்கு முத்திரையிடப்பட்டது.

இங்கேதான் வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கருத வேண்டிய செய்தி இருக்கிறது. வேலையின் பொருட்டு ஊர்விட்டு வந்த பெற்றோர் பகலெல்லாம் உழைக்கின்றனர். அயல்மொழிச் சூழலில் பிள்ளைக்குத் தோழமையாவது பல வேளைகளில் கையிலுள்ள திரையே. விளையாட்டு மதிப்புரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. 'நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று' என்று பிள்ளை சொன்னால், பள்ளித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்ட மகிழ்ச்சியோடு வாங்கித் தருகிறோம். ஆனால் அந்த எண் படைப்பாளியின் தொழில்திறனுக்கு அளித்த மதிப்பெண். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றதா என்பதை அது கூறவில்லை. அதைக் கூறுவது உறையின்மேல் அச்சிட்ட வயது முத்திரை. இரண்டும் வெவ்வேறு தீர்ப்புகள்.

ஆகவே மதிப்புரையைப் பிள்ளையையே உரக்கப் படித்துத் தமிழில் பொருள் சொல்லச் செய்யலாம். எண்ணை மட்டும் கேளாமல் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. விமர்சகர் எதைப் பாராட்டினார்? எதைக் குறையென்றார்? எந்த வயதினர்க்கு இது உரியது? கடுமை மிகுந்தது என்ற குறை நம் வீட்டிற்குப் பொருந்தாமலும் போகலாம்; தோற்றுத் தோற்றுக் கற்பதில் இன்பம் காணும் பிள்ளையும் உண்டு. கொலையும் களவும் விளையாட்டாய் வருவது பற்றி விமர்சகர் ஒன்றும் கூறாதிருக்கலாம். அதைப் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பு அப்போது நம்முடையதாகிறது. இவ்வாறு உரையாடும் வீட்டில் பிள்ளையின் தமிழும் சற்று வளரும். பிள்ளை எந்த உலகில் கார் ஓட்டுகிறான் என்பதைப் பெற்றோரும் அறிந்துகொள்வர்.