கிணறு வெட்டப் புறப்பட்ட கோணேசர்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதாகச் சொல்வார்கள். 1950இல் திருகோணமலை நகரசபை குடிநீருக்காக நிலத்தைத் தோண்டியபோது புறப்பட்டவர் சோமாஸ்கந்தர். சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் என மற்றத் திருமேனிகளும் வெளிப்பட்டன. சோழர் பாணியில் வார்த்தவை.

1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினர். அதற்குள் மூர்த்திகளை மண்ணுக்குள் ஒளித்தவர்களின் பெயர் தெரியவில்லை. கோட்டை வாயிலில் பாண்டியரின் மீன் சின்னம் பொறித்த கல்லைப் பாருங்கள். அதுவும் கோயில் கல்தான்.

கிடைத்த திருமேனிகளை நேரே பெட்டியில் பூட்டவில்லை. ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோய், 1952இல் மலையில் எழுந்தருளச் செய்தனர். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் தூண்களைக் கண்டனர். 1963இல் மீண்டும் எழுப்பிய கோயிலுக்குக் குடமுழுக்கு.

இன்றும் மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வருகிறார். வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து வீட்டார் காத்திருப்பார்கள். அருங்காட்சியகத்துக்கு ஊர் போவதே வழக்கம். இங்கே அரும்பொருள் ஊரைப் பார்க்க வருகிறது.