‘ஒரே யோசனையா இருக்கு’

கண்டியைச் சுற்றிய சரிவுகளில் மாடிவீடு எழும் இடங்களில் பக்கத்திலேயே ஒரு தகர வாடியும் முளைத்துவிடும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த பையன்கள் ஏழெட்டுப் பேர் அதில் படுத்திருப்பார்கள். பகலில் மேசன் பாஸுக்குக் கையாள். இரவில் ஆளுக்கொரு போன். கலஹா அப்படியொன்றும் தூரமில்லைதான். ஆனால் விடியலில் கொங்கிரீட் போட வேண்டியவன் கடைசி பஸ்ஸை நம்பி வீட்டுக்குப் போய்வர முடியாது.

இத்தனை பேர் நடுவே என்ன தனிமை என்று கேட்பவர்கள் அங்கே ஒரு மழைநாளைக் கழித்திருக்க மாட்டார்கள். வேலை நின்றால் நாட்சம்பளமும் நின்றுவிடும். வெறுங்கையோடு ஊருக்குப் போக மனம் வராது. தகரத்தில் மழை இரைய, சுவரைப் பார்த்தபடி கிடக்க வேண்டியதுதான்.

‘மன அழுத்தம்’ என்ற சொல் இவர்கள் வாயில் வராது. ‘ஒரே யோசனையா இருக்கு’, ‘தூக்கமே வரல’, ‘தலை பாரமா இருக்கு’ என்பார்கள். டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். வாடிக்குத் திரும்பினால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம். அது சட்டென்று தூங்கவைத்து நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். அந்தக் கண்ணெரிச்சலோடுதான் காலையில் சாரத்தில் ஏற வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறி வேலைத்தளங்கள் மூடியபோது பட்ட கடனும் சிலருடைய யோசனையில் இன்னும் கிடக்கிறது.

இப்படிப்பட்ட யோசனையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1995இல் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 தற்கொலைகள் என்றிருந்த நாடு இலங்கை. கொடிய பூச்சிகொல்லிகளுக்குத் தடை வந்தபின் அந்தத் தொகை பெருமளவு இறங்கியது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீங்கிவிட்டது. ஆனாலும் ‘பொலிஸ் கேஸ் ஆகிடும்’ என்று வாயை மூடிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்புக்குக் கண்டியிலும் கிளை உண்டு. புத்திமதி சொல்லாமல் காது கொடுப்பது அவர்கள் வழி. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் போகிற அன்று நாட்சம்பளம் போய்விடுமே. என் கணக்கில் வெட்கத்தைவிடப் பெரிய தடை இதுதான்.

பழைய பாஸ்மார் சிலருக்கு இந்த யோசனையின் முகம் தெரியும். சோற்றுப் பார்சலைப் பாதியில் மடிக்கிற கையாளை மற்றவர்கள் முன்னால் எதுவும் கேட்கமாட்டார்கள். சாயந்தரம் அவன் சாந்துத் தாச்சி கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, ‘என்னடா தம்பி, வீட்ல ஏதும் சங்கதியா?’ என்பார்கள். ‘ஒண்ணுமில்லண்ணே’ என்றுதான் பதில் வரும். மறுநாளும் வந்து கேட்பார்கள்.