மூச்சை எண்ணும் செவிலியர்

மருத்துவமனைக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். நோயாளியின் விரல் நுனியில் துணிக் கிளிப் போன்ற சிறு கருவி ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. அதில் 97 என்ற எண் ஒளிர்கிறது. உறவினர்கள் நிம்மதியடைகின்றனர். செவிலியரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு நிற்கிறார். கருவி இருக்கும்போது இவர் ஏன் எண்ண வேண்டும்?

கருவி அளப்பது என்ன?

பல்ஸ் ஆக்சிமீட்டர் எனப்படும் இக்கருவி, விரலின் ஊடே 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறிச் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற ஈமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பை மிகுதியாகவும் உறிஞ்சும். ஆக்சிஜனை இழந்த ஈமோகுளோபின் இதற்கு நேர்மாறானது. நாடித்துடிப்புக்கேற்ப மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், தமனி இரத்தத்தின் நிலை புலப்படும். 1970-களில் இம்முறையைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி.

ஆனால், இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் குறையும் அதே விகிதத்தில் இந்த எண் குறைவதில்லை. இரண்டையும் வரைபடமாக்கினால் நேர்கோடு கிடைக்காது. மேலே தட்டையாகிவிடும் வளைகோடே கிடைக்கும். அழுத்தம் 100 மி.மீ. பாதரசமாக இருக்கையில் எண் ஏறத்தாழ 97. அழுத்தம் 60-க்கு வீழ்ந்தபோதும் எண் 90 அளவில் நிற்கும். அதற்குக் கீழேதான் செங்குத்தான சரிவு!

முந்திக்கொள்ளும் மூச்சு

உடலோ அதுவரை காத்திருப்பதில்லை. கடுமையான தொற்றில் இரத்தத்தின் அமிலத்தன்மை கூடினால், மூளைத்தண்டு மூச்சை விரைவுபடுத்துகிறது. அவ்விரைவே ஆக்சிஜன் எண்ணைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யும். ஆகவே 97 என்ற எண்ணை நோயாளி எளிதாகப் பெற்றிருக்கிறாரா, போராடிப் பெற்றிருக்கிறாரா என்பதைக் கருவி சொல்லாது. மூச்சின் எண்ணிக்கை சொல்லும்.

எண்ணுவதிலும் நுட்பம் உண்டு. "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்றால் மூச்சே மாறிவிடும். எனவே நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணுவார்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவதே முறை. 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சின் பிழை நான்காகிவிடும். 5 மூச்சு 20 ஆகும். 6 மூச்சு 24 ஆகும்.

எண்ணிலிருந்து முடிவுக்கு

இந்த வேறுபாடு அற்பமன்று. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு, 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 20 என்றால் மதிப்பெண் 0; 24 என்றால் 2. நம் நோயாளிக்கு மூச்சு 24 (2), நாடி 112 (2), மேல் இரத்த அழுத்தம் 108 (1), வெப்பநிலை 38.3 டிகிரி செல்சியஸ் (1) எனக் கொள்வோம். ஆக்சிஜன் 97, நினைவும் தெளிவு, இவற்றுக்கு 0. கூட்டினால் 6. ஐந்தைத் தொட்டாலே மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் எதுவும் அச்சமூட்டவில்லை. சேர்த்துப் பார்த்தால் ஆபத்து தெரிகிறது.

கூட்டுத்தொகை குறைவாயினும், செவிலியருக்குக் கவலை தோன்றினால் அழைக்கலாம் என்றும் அம்முறை கூறுகிறது. காலையில் பேசியவர் மாலையில் முகம் திருப்பிக் கிடப்பதைக் கவனிப்பது அவர் கண்ணே அன்றோ?

அடுத்த முறை செவிலியர் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்து நின்றால், அந்த ஒரு நிமிடம் நீங்களும் பேச்சுக் கொடுக்காதீர்கள். நோயாளியின் நலம் அந்த எண்ணிக்கையில் இருக்கலாம்.