கட்டி மூக்கிலே! வேர் சிறுநீரகத்திலே!

ஒருவருக்கு மூக்கில் அடிக்கடி ரத்தம் வடிகிறது. "உடம்புச் சூடு" என்று வீட்டில் சொல்கிறார்கள். ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் பார்க்கிறார். மூக்கினுள் ஒரு கட்டி! அதில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

அது மூக்கில் பிறந்த கட்டி அல்ல. சிறுநீரகத்தில் பிறந்த புற்றுநோய்!

அபூர்வம்தான். ஆனால் இப்படியும் நடப்பது உண்டு.

ரத்தமே பாதை

சிறுநீரகம் எங்கே, மூக்கு எங்கே? எப்படி வந்தது?

இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 5-ல் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்கே உண்டாகும் புற்றுக்கட்டியிலும் ரத்தக் குழாய்கள் ஏராளம். கட்டியிலிருந்து பிரியும் உயிரணுக்கள் ரத்தத்தில் கலந்து பயணம் போகின்றன.

பெரும்பாலும் அவை நுரையீரல், எலும்பு, ஈரல், மூளை ஆகிய இடங்களில் தங்கும். சில சமயம் யாரும் எதிர்பாராத இடத்தில் முளைக்கும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, கணையம், நாக்கு, கண், தலையின் தோல், கைவிரலில்கூட வரலாம்!

விதையும் மண்ணும்

1889-ம் ஆண்டு, இங்கிலாந்து டாக்டர் ஸ்டீபன் பேஜட் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். செடியின் விதை எல்லாத் திசையிலும் பறக்கும். ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும். புற்றுநோயும் அப்படியே என்றார் அவர்.

20 ஆண்டு உறக்கம்

நோயுற்ற சிறுநீரகத்தை ஆபரேஷன் செய்து எடுத்து விடுகிறார்கள். நோயாளி நலமாகி விடுகிறார். 10 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூடக் கழிகிறது. பிறகு கழுத்தில் ஒரு கட்டி!

பழைய ஆபரேஷனை அவரே மறந்திருப்பார். கழுத்துக் கட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமல் விடுவார். அங்கேதான் ஆபத்து! தைராய்டில் பிறந்த புற்றுநோய்க்கு வைத்தியம் வேறு. சிறுநீரகத்திலிருந்து வந்ததற்கு வைத்தியம் வேறு.

வழி உண்டு

பரவிய கட்டி ஒரே இடத்தில் இருந்தால், பலருக்கு அதை ஆபரேஷன் மூலம் அகற்றலாம். கட்டிக்கு ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் மாத்திரைகள் 2005 முதல் வந்துள்ளன. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளும் உண்டு. கணையத்தில் மட்டும் பரவியவர்களில் பலர், சிகிச்சைக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. வீண் பயம் வேண்டாம். ஆனால் சிறுநீரில் ரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். புகை பிடிப்பவர்கள் அதை விட வேண்டும். இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணம்.

முன்பு சிறுநீரக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், எந்தக் கட்டிக்காக எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஓர் உயிரை அது காப்பாற்றக்கூடும்!